27 கோடி ஆண்டு வாழ்ந்ததை ‘மாறத் தெரியாதது’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழுடன் வந்த சிறுவர் இணைப்பில், நண்டு இறாலுக்குத் தூரத்து உறவான, ஓடுள்ள பழங்காலக் கடலுயிர் ட்ரைலோபைட் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்திதான் முதலில் பார்த்தாள். “அம்மாச்சி, உங்க கல்லுப்பூச்சி பேப்பர்ல வந்திருக்கு!” என்று அடுப்படிக்கே தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தேன். ட்ரைலோபைட்டைப் பற்றித் தமிழில், அதுவும் பிள்ளைகளுக்காக, ஒரு நாளிதழில் வந்து நான் பார்த்ததே இல்லை. அதற்கு முதலில் என் நன்றி.

ஆனால் கட்டுரையின் கடைசி வரியைத் தாண்ட முடியவில்லை. மாறும் சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளத் தெரியாததால் இந்த உயிரினம் அழிந்துபோனது என்று முடித்திருந்தீர்கள். பேத்தி அந்த வரியை அப்படியே தன் அறிவியல் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டாள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் 34 ஆண்டுகள் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்தவள் நான். 1988-இல் கணவர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. சேர்ந்த முதல் வாரம் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, மூன்றாவது பீரோவின் நான்காம் இழுப்பறையைத் திறந்து காட்டினார். பஞ்சு விரித்த சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கல், பக்கத்தில் பழுத்துப்போன ஒரு சீட்டு. மொத்தம் 46. கையில் ஒரு மெல்லிய பிரஷ்ஷைக் கொடுத்து, “இதுல இருக்கிறவங்க எல்லாம் நம்மள விட ரொம்பப் பெரியவங்க. பாத்துத் துடைங்கம்மா” என்றார். பாதிக்கு மேல் ஜெர்மனியில் பான் நகரத்துக் கிரான்ட்ஸ் நிறுவனத்திடம் அந்தக் காலத்தில் வாங்கியவை. உலகம் முழுக்கக் கல்லூரிகளுக்குப் பாடம் நடத்தக் கல் அனுப்பியவர்கள் அவர்கள். சில துண்டுகள் நிஜக் கல், சில பிளாஸ்டர் வார்ப்பு. பாடப் புத்தகத்தை நான் படித்தது அப்புறம்தான். முதலில் விரலால்தான் படித்தேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ட்ரைலோபைட் பாறைகளில் முதன்முதலாகத் தென்படுவது சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலத்தில். கடைசியாகத் தென்படுவது சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில். இடையில் 27 கோடி ஆண்டுகள். நம் மனித இனத்துக்கு வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு. ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த எண்கள் பிடிபடாது. அதனால் எங்கள் துறைத்தலைவர் சார் ஒரு வழி வைத்திருந்தார். ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு நூல் பிடிக்கச் சொல்வார். மனித இனத்தின் நூல் 300 மீட்டர், எங்கள் கல்லூரி வாசலிலிருந்து டீக்கடை வரைதான் வரும். ட்ரைலோபைட்டின் நூல் 270 கிலோமீட்டர், திருச்சியில் கட்டினால் செங்கல்பட்டு பக்கம் போய் நிற்கும். அவ்வளவு தூரம் வந்த ஒன்றைத்தான் மாறத் தெரியாதது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்.

அந்தத் தூரத்தை ஒரே உடம்போடு அது கடக்கவில்லை. இதுவரை 20,000-க்கும் அதிகமான ட்ரைலோபைட் இனங்களை விவரித்திருக்கிறார்கள். அரிசியளவு உண்டு. கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கரையில், சர்ச்சில் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1998-இல் எடுத்தது 72 சென்டிமீட்டர் நீளம். முள்ளே இல்லாமல் வழுவழுவென்று ஒன்று, உடம்பெல்லாம் முள்ளாக ஒன்று. சேற்றில் ஊர்ந்தது உண்டு, சேற்றுக்குள்ளேயே புதைந்து கிடந்தது உண்டு, நடுக்கடலில் நீந்தித் திரிந்ததும் உண்டு. எங்கள் இழுப்பறையின் 46 கல்லில் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிதாக ஓர் உருண்டை. கேலிமீன் என்று பெயர். இங்கிலாந்தில் டட்லி என்ற ஊரின் சுண்ணாம்புப் பாறையில் கிடைப்பது, வயது சுமார் 43 கோடி ஆண்டு. அந்த ஊர்ச் சுண்ணாம்புக் குவாரிக்காரர்கள் இதை ‘டட்லி பூச்சி’ என்றே சொல்லியிருக்கிறார்கள். ஊரின் சின்னத்திலேயே இதைப் பொறித்து வைத்தார்கள். குவாரி இருந்த ரென்ஸ் நெஸ்ட் குன்றை 1956-இல் பாறைக்காகவே தேசியக் காப்பகமாக அறிவித்துவிட்டார்கள். ஒரு பூச்சிக்கு ஓர் ஊரே செய்த மரியாதை அது.

அந்தக் கேலிமீன் ஏன் உருண்டையாக இருக்கிறது? நம் ஊர் அழுங்கைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மழைக்காலத்தில் தொட்டவுடன் மரவட்டை சுருண்டுகொள்வதும் அதே உபாயம்தான். ஓடு முதுகில்தான் கெட்டி, வயிற்றுப்பக்கம் மிருது. ஆபத்து வந்தால் தலையும் வாலும் சேரும்படி மடிந்து, மிருதுவானதை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிவிடும். பூட்டு என்று சும்மா சொல்லவில்லை. ஃபேகாப்ஸ் என்ற இன்னொரு வகையில் தலையின் அடிவிளிம்பில் ஒரு பள்ளம் ஓடுகிறது. வாலின் விளிம்பு அதில் போய்ச் சரியாக உட்காரும். குங்குமச் சிமிழின் மூடி போல. முற்காலத்துக் கேம்பிரியன் வகைகள் பலவற்றில் இந்தப் பள்ளம் இல்லை. பின்னால் வந்தவற்றில் பூட்டு மேலும் மேலும் நேர்த்தியாகிறது. கடலில் வேட்டையாடும் வாய்கள் பெருகப் பெருக, நன்றாகப் பூட்டிக்கொண்டது பிழைத்தது, அதன் பிள்ளைகளும் அப்படிப் பூட்டின. சேறு சரிந்து மூடிய ஏதோ ஒரு நாளில் அப்படிப் பூட்டிக்கொண்ட ஒன்று பிறகு திறக்கவே இல்லை. அதைத்தான் நான் 34 ஆண்டுகள் வாரம் ஒருமுறை துடைத்தேன்.

அடுத்தது கண். இதைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பவும் வருத்தம்.

இழுப்பறையில் ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியிலிருந்து வந்த ஃபேகாப்ஸ் ஒன்று உண்டு. டெவோனியன் காலம், ஏறக்குறைய 39 கோடி ஆண்டு. கைலென்ஸை வைத்துப் பார்த்தால் தலையின் இரண்டு பக்கமும் மேடாக இரண்டு கண் தெரியும். கண்ணில் வரிசை வரிசையாகக் குண்டு குண்டான லென்ஸுகள், ஒவ்வொன்றையும் தனியாக எண்ணலாம். மாதுளம்பழத்தைப் பிளந்து வைத்த மாதிரி. முதல் தடவை பார்த்த அன்று வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்வது என்று தெரியாமல், மூன்று வயது மகளிடம் சொன்னேன்.

சார் பிள்ளைகளுக்கு இதை விளக்கும்போது பக்கத்து பீரோவிலிருந்து கால்சைட் படிகத்தை எடுத்து வரச் சொல்வார். கண்ணாடி போல் தெளிவான, சாய்சதுரமான கல். அதைச் செய்தித்தாள் மேல் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். கல்லைச் சுற்றினால் ஒரு எழுத்து அப்படியே நிற்கும், இன்னொன்று அதைச் சுற்றி வரும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அப்புறம் சார் கேட்பார்: “இந்தக் கல்லால கண்ணு செஞ்சா எப்படி இருக்கும்? ஒரு மீன் வந்தா ரெண்டு மீனாத் தெரியுமே?” ட்ரைலோபைட்டின் கண் லென்ஸ் அந்தக் கால்சைட்தான். நம் கண்ணில் இருப்பது போல மிருதுவான சதை அல்ல, கல். ஆனால் கால்சைட் படிகத்தில் ஒரே ஒரு திசை உண்டு. அந்தத் திசையில் வரும் வெளிச்சம் மட்டும் இரண்டாகப் பிரியாது. ட்ரைலோபைட் தன் கண்ணில் படிகத்தை அந்தத் திசையிலேயே வளர்த்து வைத்திருக்கிறது. அதனால் மீன் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

1975-இல் எடின்பரோவின் புதைபடிவ ஆய்வாளர் யூவன் கிளார்க்சனும், சிகாகோவில் துகள் இயற்பியல் படித்த ரிக்கார்டோ லெவி-செட்டியும் சேர்ந்து இன்னொன்றைச் சொன்னார்கள். ஃபேகாப்ஸ் வகைக் கண்ணின் லென்ஸ் இரண்டு பாகமாகச் சேர்ந்தது, அந்தச் சேர்க்கையின் வளைவு வெளிச்சம் சிதறாமல் ஒரே புள்ளியில் குவிய உதவுகிறது என்றார்கள். அந்த வளைவோ, 1637-இல் டெகார்ட், 1690-இல் ஹைகன்ஸ் என்ற அந்தக் கால அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காகிதத்தில் வரைந்த லென்ஸின் வளைவோடு ஒத்துப்போனது. அவர்கள் கணக்கு எழுதியதற்குச் சுமார் 40 கோடி ஆண்டுக்கு முன் அது கடலடியில் வேலை செய்துகொண்டிருந்தது. இதைச் சொல்லும்போது சாருக்குக் குரல் தழுதழுத்துவிடும். எனக்கும் அப்படித்தான்.

மொரோக்கோவில் எர்பெனோகைல் என்று ஒன்று எடுத்திருக்கிறார்கள். அதன் கண்கள் தூண் போல நிமிர்ந்து நிற்கின்றன, சுற்றிலும் பார்க்கலாம். கண்ணுக்கு மேலே தொப்பி விளிம்பு போல ஒரு நீட்டல் வேறு. மேலிருந்து விழும் வெளிச்சம் கண்ணைக் கூசவிடாமல் தடுக்கிற மறைப்பு அது என்று 2003-இல் விளக்கினார்கள். நாம் வெயிலில் தூரத்தில் வரும் பேருந்தின் பலகையைப் படிக்க நெற்றியில் கையை வைப்போமே, அதேதான். கண்ணுக்கு நிழல் தேவைப்பட்டதென்றால் அது வெளிச்சம் விழும் கடலில், பகலில் நடமாடிய உயிர் என்றாகிறது. ஒரு கல் துண்டு தான் வாழ்ந்த இடத்தின் வெளிச்சத்தைக்கூடச் சொல்லிவிடுகிறது பாருங்கள்.

சரி, கண் இருப்பதுதான் சாமர்த்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. அதே இழுப்பறையில் செக் நாட்டின் பொஹீமியாவிலிருந்து வந்த கோனோகோரைஃபி ஒன்று இருக்கிறது. அதற்குக் கண்ணே கிடையாது. முதலில் நான் கல் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். தேயவில்லை, பிறவியிலேயே அப்படி. வெளிச்சம் இல்லாத இடத்தில் கண் வீண் செலவு. பிரான்சின் தெற்குப் பகுதியில் டெவோனியன் பாறைகளை அடுக்கு அடுக்காக ஆராய்ந்தவர்கள், ஒரே பரம்பரையில் கண் சிறுத்துக்கொண்டே வந்து கடைசியில் மறைந்துபோவதைக் காட்டியிருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, சைக்லோபைஜி என்ற, கேம்பிரியனுக்கு அடுத்து வந்த ஆர்டோவிசியன் காலத்து வகைக்குத் தலையில் பாதி கண்தான். மங்கிய வெளிச்சமுள்ள கடல்நீரில் நீந்தியது அது. பெரிய கண், மறைப்பு வைத்த கண், கண்ணே இல்லாமை மூன்றும் ஒரே குடும்பத்துக்குள். கண்ணில்லாததைக் குறையுள்ளது என்றும், பெரிய கண்ணுள்ளதை உயர்ந்தது என்றும் பிள்ளைகள் பிரித்துப் பேசும்போது சார் விடமாட்டார். எந்த இடத்தில் வாழ்ந்தது என்று முதலில் கேள் என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நண்டும் இறாலும் ஓடு கழற்றுவது போல ட்ரைலோபைட்டும் வளர வளர ஓட்டைக் கழற்றிப் போட்டது. தலையின் கன்னப்பகுதியில் தையல் பிரிவது போல ஒரு கோடு உண்டு. அதன் வழியே ஓடு திறந்ததும் முன்பக்கமாக வெளியேறிவிடும். ஃபேகாப்ஸில் அந்தத் தையல் ஒட்டிப்போனதால் அது முழுத் தலையோட்டையும் கழற்றிப் புரட்டிப் போட்டது. ஆகவே அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் ட்ரைலோபைட்டுகளில் பல, செத்த உடம்பு அல்ல, பாம்புச் சட்டை போலக் கழற்றிப்போட்ட சட்டை. சட்டைக்காரர் அதன் பிறகும் நீண்ட நாள் உயிரோடு இருந்திருப்பார். இது தெரிந்த பிறகு, ஓரமாகக் கன்னம் உடைந்து கிடக்கும் துண்டுகளைத் துடைக்கும்போது எனக்கு ஒரு நிம்மதி.

காலும் உணர்கொம்பும் மிருதுவானவை, கல்லாக நிற்பது அபூர்வம். எங்களிடம் அப்படி ஒன்றுமில்லை, புத்தகத்தில் படம்தான். நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்ற ஊர்ப்பக்கம் ஒரு கறுப்புப் பாறை அடுக்கு இருக்கிறது. 1890-களில் யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பீச்சர் அதைத் தோண்டினார். அதில் கிடைத்த ட்ரையார்த்ரஸில் காலும் கொம்பும் செவுளும் இரும்பு சல்ஃபைடாக மாறி, தங்க நகை போல மின்னுகின்றன. ட்ரையார்த்ரஸும் அதன் சொந்தங்களும் ஆக்ஸிஜன் மிகக் குறைந்த, மற்ற உயிர்கள் அண்டத் தயங்கும் கடலடியில் வாழப் பழகியவை. கந்தகத்தில் வாழும் நுண்ணுயிர்களைத் துணைக்கு வைத்துப் பிழைத்திருக்கலாம் என்று ட்ரைலோபைட் ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபோர்ட்டி 2000-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மூச்சுவிடவே கஷ்டமான இடத்தில் வீடு கட்டிக்கொண்டதை மாறத் தெரியாதது என்று எப்படிச் சொல்வது?

ஓய்வு பெற்ற பிறகும் இதெல்லாம் என்னை விடவில்லை. மகள் கைப்பேசியில் தேடிப் படித்துக் காட்டுவாள். மொரோக்கோவில் 48 கோடி ஆண்டுப் பழைய பாறையில் ஆம்பிக்ஸ் என்ற நீள முள்ளுள்ள ட்ரைலோபைட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, வரிசையாக நடந்தபடியே புதைந்து கிடப்பதை 2019-இல் விவரித்தார்கள். கண் இல்லாதவை அவை. முள்ளும் முள்ளும் தொட்டுக்கொண்டு போயிருக்கலாம் என்கிறார்கள். சாரை சாரையாக எறும்பு போவதை வாசல்படியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அதுதான் ஞாபகம். 2024-இல் அதே நாட்டில், எரிமலைச் சாம்பல் மூடி நொடியில் வார்ப்பெடுத்தது போல 51 கோடி ஆண்டுப் பழைய ட்ரைலோபைட்டுகள் கிடைத்திருக்கின்றன. வாயும் அதைச் சுற்றிய சின்னக் கால்களும் வரை தெரிகிறதாம்.

கட்டுரையில் வேறு இரண்டு இடத்திலும் திருத்தம் வேண்டும். தலை, உடல், வால் என மூன்று பாகம் இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. நெடுக்குவாட்டில் நடுவே ஒரு மேடு, இரண்டு பக்கமும் இரண்டு சரிவு, இந்த மூன்று மடலைப் பார்த்துத்தான் 1771-இல் வால்ச் என்ற ஜெர்மானியர் அந்தப் பெயரை வைத்தார். அப்புறம் படத்தில் பின்னணியில் டைனோசர் நிற்கிறது. முதல் டைனோசர் தோன்றுவதற்குச் சுமார் 2 கோடி ஆண்டு முன்பே கடைசி ட்ரைலோபைட் போய்விட்டது. இரண்டும் ஒரே காட்சியில் வர வழியில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நம் பக்கத்தில் ஒரு காரணம் உண்டு. அரியலூர், பெரம்பலூர்க்காரர்களுக்குப் புதைபடிவம் புதிதல்ல. காரை பகுதி ஓடைகளில் சிப்பியும், சுறாப் பல்லும், நத்தை போல் சுருண்ட அம்மோனைட்டும் பொறுக்கியவர்கள் எத்தனையோ பேர். ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவன், “அக்கா, எங்க ஊர்ல ட்ரைலோபைட் கிடைச்சிருக்கு” என்று கைக்குட்டையில் முடிந்து கொண்டு வருவான். பார்த்தால் வரி வரியான அம்மோனைட் துண்டாக இருக்கும். அரியலூர்க் கடல் வந்தது ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன்தான், அது டைனோசர் காலம். அதற்கு 14 கோடி ஆண்டு முன்பே ட்ரைலோபைட் இல்லை. அங்கே எவ்வளவு தோண்டினாலும் கிடைக்காது. ஆனால் அந்தப் பையனை ஏமாற்றத்தோடு அனுப்பக் கூடாது. கையில் இருக்கும் அம்மோனைட்டும் ஒரு பெரிய பொக்கிஷம்தான், சில வீடுகளில் பூஜையில் வைத்திருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமத்துக்கு உறவு அது என்று சொல்லி அனுப்புவேன்.

நம் நாட்டு ட்ரைலோபைட் வேண்டுமென்றால் இமயமலைக்குப் போக வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தில் ஸ்பிதி, அங்கே பாரஹியோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹேடன் நூறாண்டுக்கு முன்பே அங்கே சேகரித்தார். அந்தக் கேம்பிரியன் உயிர்களை ரீட் 1910-இல் விவரித்து வெளியிட்டார். பனி மூடிய மலை மேல் கடல்பூச்சி. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த சேறுதான் நிலத்தட்டுகள் மோதி அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. எங்கள் இழுப்பறையின் 44-ஆம் எண் சார் ஒரு களப்பயணத்தில் கொண்டுவந்த ஸ்பிதித் துண்டு. முழுப்பூச்சி இல்லை, நான்கு தலையோடு மட்டும். அதன் சீட்டை எழுதியது நான்.

இனி, எப்படித்தான் அழிந்தது? பிள்ளைகள் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. மூன்று பெரிய அடிகள். சுமார் 44 கோடி ஆண்டுக்கு முன், ஆர்டோவிசியன் முடிவில் பனியுகம் வந்து கடல்மட்டம் இறங்கியது. நீந்தித் திரிந்த வகைகளும், குஞ்சுப் பருவத்தைக் கடல்மேற்பரப்பில் கழித்த வகைகளும் பெரும்பாலும் போயின. 37 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி, டெவோனியன் முடிவதற்குள் கடலில் ஆக்ஸிஜன் அடுத்தடுத்துக் குறைந்தபோது, ஃபேகாப்ஸின் சொந்தங்கள் உட்பட மற்றவையும் போய், புரோயீட்டிடா என்ற ஒரே ஒரு வரிசை மிஞ்சியது. அந்த ஒற்றை வரிசை மேலும் 10 கோடி ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. டைனோசர் அழிந்து இன்று வரை ஆனது 6.6 கோடிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். கடைசியில் பெர்மியன் முடிவில் சைபீரியாவில் எரிமலைகள் பொங்கி, கடல் சூடாகி, அமிலமேறி, ஆக்ஸிஜன் இழந்து, கடல் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் அழிந்தன. அந்த எட்டில் இதுவும் ஒன்று. ஊரே வெள்ளத்தில் போனபோது ஒரு வீட்டைக் காட்டி, கட்டத் தெரியாதவர்கள் என்று சொல்வோமா?

இன்னும் ஒரு விஷயம் அந்த வரியில் இடிக்கிறது. ‘தன்னை மாற்றிக்கொள்ள’ என்று எழுதும்போது, பூச்சி ஏதோ முடிவெடுத்து மாறுவது போலப் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். எந்த ட்ரைலோபைட்டும் நாளை முதல் கண் வளர்க்கிறேன் என்று வளர்க்கவில்லை. ஒரே தாயின் பிள்ளைகளிலும் ஒன்றுக்கு முள் கொஞ்சம் நீளம், ஒன்றுக்குக் குட்டை. அந்த இடத்தில் எது பிழைத்துக் குஞ்சு விட்டதோ அதன் சாயல் அடுத்த தலைமுறையில் கூடுகிறது. இப்படிப் பல லட்சம் தலைமுறை. மாற்றத்துக்கு அவகாசம் வேண்டும். பெர்மியன் முடிவில் கடல் அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் புரியும். என் பேத்திக்குப் புரிந்தது.

ஆகவே தங்களிடம் கேட்பது: அடுத்த ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில், அதே அளவில், ஒரு திருத்தம் போடுங்கள். அதோடு ஃபேகாப்ஸின் கண்ணைப் பெரிதாக ஒரு படம் போடுங்கள். தமிழ்நாட்டில் நிலவியல் துறை இருக்கும் பழைய கல்லூரிகள் பலவற்றில் எங்களுடையது போன்ற இழுப்பறைகள் இருக்கின்றன. அவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒரு நாளாவது திறந்து காட்டச் சொல்லி எழுதுங்கள். நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தபோது பீரோக்களை நகர்த்தினார்கள். போய்ப் பார்த்தேன். கற்கள் இருக்கின்றன, பஞ்சு கலைந்து, சீட்டுகள் பாதி கலந்துவிட்டன. சீட்டு இல்லாத கல் எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்ல முடியாமல் வெறும் கல்லாகிவிடும். என் கையெழுத்துள்ள பதிவேட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. அழைத்தால் வந்து 46-ஐயும் திரும்ப அடுக்கிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன் என்று துறைக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன்.

பேத்தியின் நோட்டில் அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அழித்துவிடு என்றேன். “எனக்குப் புரியுது அம்மாச்சி, ஆனா பேப்பர்லயே அப்படித்தானே போட்டிருக்காங்க, மிஸ் கேட்டா என்ன சொல்றது?” என்கிறாள். பென்சிலால் எழுதியதுதான். தங்கள் திருத்தம் வந்ததும் அழித்துக்கொள்வதாகச் சொல்லி, ரப்பரை அந்தப் பக்கத்திலேயே வைத்து நோட்டை மூடியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நிலவியல் ஆய்வக உதவியாளர்,
லால்குடி.